அனலாக் ட்யூனரா, டிஜிட்டல் ட்யூனரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஸ்டீரியோவில் ரேடியோ கேட்கிற ஆள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு என்னிடம் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒருவருக்குப் போனில் சொல்லி முடித்தால் அடுத்தவர் அதையே முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

ட்யூனரும் ரேடியோவும் ஒன்றுதானே?

ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ட்யூனர். காற்றில் வரும் அலையைப் பிடித்து ஒலி சிக்னலாக மாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. தனியாக வைத்தால் சத்தமே வராது. ‘ஆன் பண்ணினேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவரை நான் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் ட்யூனர் அல்லது ஆக்ஸ் என்று எழுதிய இடத்தில் வயரைச் செருகுங்கள். ஃபோனோ என்ற இடம் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலுக்கானது. ட்யூனரை அங்கே கொடுத்தால் அடிச்சத்தம் வீங்கிப்போய் எல்லாம் உடைந்து கேட்கும்.

டிஜிட்டல் ட்யூனர் வாங்கினா டிஜிட்டல் ரேடியோ கேட்கும், இல்லையா?

கேட்காமலும் போகலாம். பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லால் வருவது. டிஜிட்டல் ட்யூனர் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சாதனங்கள் விற்கின்றன. முதல் வகை வாங்குவது பழைய எஃப்எம் ஒலிபரப்பைத்தான். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் விதமும் எண் காட்டும் பலகையும் மட்டும் டிஜிட்டல். 1980களுக்குப் பிறகு வந்த ட்யூனர்களில் பெரும்பாலானவை இந்த ரகம். இரண்டாம் வகையும் அதே எஃப்எம்மைத்தான் வாங்கும். ஆனால் உள்ளே ஒரு சிப் சிக்னலை எண்களாக மாற்றி, வடிகட்டுவதையும் இடது வலது பிரிப்பதையும் கணக்காகவே போட்டுவிடும். மூன்றாம் வகையில்தான் காற்றில் வருவதே டிஜிட்டல்: டிஏபி, டிஏபி பிளஸ், எச்டி ரேடியோ போன்றவை.

ஆகவே விற்பவர் ‘டிஜிட்டல் சார்’ என்றால், எது டிஜிட்டல் என்று கேளுங்கள். பலகையா, உள்ளே இருக்கும் சிப்பா, ஒலிபரப்பா? கீழே நான் முள் ட்யூனர் என்று சொல்வது முழு அனலாக். எண் ட்யூனர் என்பது மேலே சொன்ன முதல் வகை. மூன்றாம் வகையை டிஜிட்டல் ரேடியோ என்றே சொல்கிறேன்.

முள் ட்யூனர் உள்ளே எப்படி ஸ்டேஷனைப் பிடிக்குது?

முன்பக்கத் திருகைச் சுற்றினால் உள்ளே ஒரு நூல் கப்பிகளின்மேல் ஓடும். அந்த நூல் கண்ணாடிக்குப் பின்னால் முள்ளையும் நகர்த்துகிறது, கன்டென்சரின் அரைவட்டத் தகடுகளையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கிறது. தகடுகள் நகரும்போது ட்யூனர் தனக்குள் உருவாக்கும் ஒரு அலையின் அதிர்வெண்ணும் மாறும். வழக்கமாக அது நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே இருக்கும். நிலையம் 100 என்றால் உள் அலை 110.7. இரண்டையும் கலந்தால் கிடைக்கும் வித்தியாசம் எந்த நிலையத்துக்கும் 10.7தான். அந்த ஒரே எண்ணுக்கு மட்டும் நல்ல வடிகட்டிகளைச் செய்து வைத்தால் போதும். 1918இல் இந்த உத்தியைக் கொண்டுவந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்தான் பிற்பாடு அகன்ற பட்டை எஃப்எம்முக்கும் 1933இல் காப்புரிமை பெற்றவர்.

நல்ல முள் ட்யூனரில் திருகுக்குப் பின்னால் கனமான சக்கரம் ஒன்று இருக்கும். ஒரு சுண்டு சுண்டினால் முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டே போகும். நிலையத்தை நெருங்கும்போது முதலில் இரைச்சல் தணியும். அப்புறம் சிக்னல் மீட்டர் எழும். நிலையத்தின் நட்டநடுவில் நிற்கிறோமா என்று காட்டும் நடு மீட்டரின் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தயங்கி, நடுவுக்கு வரும். கடைசியாக ஸ்டீரியோ விளக்கு எரியும். இதைப் பார்ப்பதற்காகவே முள் ட்யூனர் வைத்திருப்பவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்தான். 1960களில் வந்த மராண்ட்ஸ் 10பி என்ற ட்யூனரில் மீட்டருக்குப் பதில் அலையின் வடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையே வைத்திருந்தார்கள்.

எண் ட்யூனர் அதைவிடத் துல்லியமா?

நிலையத்தில் போய் உட்காரும் விஷயத்தில், ஆமாம். உள் அலையை ஒரு குவார்ட்ஸ் படிகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் சுற்று அதில் உண்டு. அலை இம்மி விலகினாலும் இழுத்துப் பிடித்துவிடும். தகடுகளுக்குப் பதில் வேரிகேப் என்ற டயோடு. அதற்குக் கொடுக்கும் வோல்டேஜை மாற்றினால் அலை மாறும். நகரும் பாகம் எதுவும் இல்லை, நூலும் இல்லை. பொத்தானை அழுத்தினால் நேற்று கேட்ட நிலையம் இன்றும் அதே இடத்தில் இருக்கும்.

முள் ட்யூனர் சூடேறும்வரை, பத்து இருபது நிமிடம், கொஞ்சம் நகரக்கூடும். அதைத் தானே திருத்திக்கொள்ள ஏஎஃப்சி என்ற வசதியைச் சேர்த்தார்கள். பலவீனமான நிலையத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பலமான நிலையத்துக்குத் தாவும் கெட்ட பழக்கமும் அந்த ஏஎஃப்சிக்கு உண்டு. இன்னொன்று: எண் பலகை இருக்கிறது என்பதாலேயே அது எண் ட்யூனர் ஆகிவிடாது. சில மாடல்களில் உள்ளே முழுக்க அனலாக், அலையை எண்ணிக் காட்டும் பலகை மட்டும் மேலே. திருகைச் சுற்றும்போது எண் படிப்படியாகத் தாவாமல் நழுவிக்கொண்டே மாறினால் அது அந்த ரகம்.

சரி, சத்தம் எதில் நல்லா இருக்கும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

நல்ல முள் ட்யூனரும் நல்ல எண் ட்யூனரும் பலமான சிக்னலில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொன்னால் நான் தோற்றுவிடுவேன். மட்டமான முள் ட்யூனரைவிட மட்டமான எண் ட்யூனர் மேல். முன்னதில் நீங்களே நிலையத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, உடைந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அனலாக் என்றாலே இதமான ஒலி என்பதை நான் நம்புவதில்லை. அந்தக் காலத்து உயர்ரக முள் ட்யூனர்களில் நான்கைந்து அடுக்கு கன்டென்சரும் பெரிய பவர் சப்ளையும் போட்டார்கள். எண் ட்யூனர் பரவிய காலத்தில் கம்பெனிகள் செலவைச் சுருக்கின. கேட்கும் வித்தியாசம் அந்தச் சிக்கனத்தால் வந்தது.

டிஜிட்டல் ரேடியோன்னா சிடி மாதிரி இருக்குமே?

சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது. பழைய டிஏபியில் ஒலியைச் சுருக்கும் எம்பி2 முறையில் 128 கிலோபிட் கொடுத்த நிலையங்கள் ஏராளம். எம்பி2வுக்கு அது போதாது. கைதட்டல், ஜால்ரா, வயலின் வந்தால் மணலைத் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். டிஏபி பிளஸ் இன்னும் திறமையான ஏஏசி முறையைப் பயன்படுத்துகிறது, குறைந்த பிட்டிலேயே சுத்தமாக இருக்கும். ஆனால் மிச்சமாகும் இடத்தில் தரத்தைக் கூட்டாமல் இன்னும் நாலு நிலையங்களைத் திணிப்பவர்களே அதிகம்.

எஃப்எம்முக்கும் வரம்பு உண்டு. 19 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கான வழிகாட்டி அலை ஓடுவதால் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அது போதாதென்று நிலையமே எல்லாச் சத்தத்தையும் அமுக்கி ஒரே மட்டமாக்கி அனுப்பினால் எந்த ட்யூனராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்குப் பிடித்த நிலையம் எதில் கவனமாக ஒலிபரப்புகிறதோ அதை வாங்கும் ட்யூனர்தான் உங்களுக்கு நல்ல ட்யூனர்.

எந்த டிஜிட்டல் முறை எங்கே வருது?

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிஏபி குடும்பம். அது எஃப்எம் பட்டையில் வருவதில்லை, 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை தனி இடம். அமெரிக்காவில் எச்டி ரேடியோ. 2002இல் அனுமதி கிடைத்தது. அது எஃப்எம் நிலையத்தின் இரு ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டு வரும். இந்தியாவில் ஆகாசவாணி டிஆர்எம் என்ற முறைக்கான டிரான்ஸ்மிட்டர்களை மத்திய அலையில் நிறுவியது. ஒரு முறைக்கான பெட்டி இன்னொன்றை வாங்காது. பழைய டிஏபி பெட்டியில் டிஏபி பிளஸ்கூட வராது. அதனால் வாங்குமுன் உங்கள் ஊரில் எது வருகிறது என்று பார்த்துவிடுங்கள். எதுவும் வராத இடத்தில் டிஜிட்டல் ரேடியோ வெறும் பெட்டி.

ஸ்டீரியோவில் ‘ஸ்ஸ்ஸ்’னு இரைச்சல், மோனோவில் போட்டா நிக்குது. ட்யூனர் போச்சா?

ட்யூனர் நலமாக இருக்கிறது, சிக்னல்தான் போதவில்லை. எஃப்எம் ஸ்டீரியோவில் இடதும் வலதும் கூட்டியது ஒரு பங்காகவும், இரண்டின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸில் ஏறிய இன்னொரு பங்காகவும் வரும். எஃப்எம்மில் கிலோஹெர்ட்ஸ் கூடக் கூட இரைச்சல் அதிகம். அந்த வித்தியாசப் பங்கைப் பிரித்தெடுக்கும்போது இரைச்சலும் கூடவே வந்துவிடும். அதே சிக்னலில் ஸ்டீரியோ மோனோவைவிட ஏறக்குறைய 20 டெசிபெல் இரைச்சல் கூடுதல்.

சில ட்யூனர்களில் பிளெண்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். உச்ச ஒலிகளில் மட்டும் இடது வலதைக் கலந்துவிட்டு இரைச்சலைக் குறைக்கும். தற்காலிக நிவாரணம்தான். நிரந்தர மருந்து அடுத்த பதிலில்.

கூடவே ஒரு ஒயர் கொடுத்திருக்காங்களே, அது போதாதா?

நிலையம் பக்கத்தில் என்றால் போதும். மற்றபடி, ட்யூனரை மாற்றும் காசில் பாதியை ஏரியலில் போட்டால் இரட்டிப்புப் பலன். எஃப்எம் பட்டையின் நடுவில், 98 மெகாஹெர்ட்ஸில், ஓர் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். ஆகவே அரை அலை டைபோல் ஏரியல் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் வெட்டி இரண்டு கைகளாக விரித்தால் ஒவ்வொன்றும் 73 சென்டிமீட்டர் போல வரும். தட்டையான ரிப்பன் ஒயர் 300 ஓம், டிவி கேபிள் போன்ற கோஆக்சியல் 75 ஓம். ட்யூனரில் எந்த முனை எதற்கு என்று எழுதியிருக்கும். மாற்றிக் கொடுத்தால் இடையில் பலூன் என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஒரு நண்பர் வீட்டில் அந்த ஒயர் அலமாரிக்குப் பின்னால் சுருட்டியபடியே கிடந்தது. விரித்துச் சுவரில் டேப் போட்டு ஒட்டினோம்; மீட்டர் பாதிக்கு ஏறியது. ஜன்னல் பக்கம் ஓரடி நகர்த்தினோம். ஸ்டீரியோ விளக்கு எரிந்தது. ட்யூனரை மாற்றலாமா என்று கேட்கக் கூப்பிட்டவர் டேப் காசோடு முடித்துக்கொண்டார். மாடியில் ஏற்றினால் இன்னும் நல்லது, மின்னலுக்கு எர்த் மட்டும் மறக்காதீர்கள்.

சிக்னல் மீட்டர் முழுசா ஏறுது, ஆனாலும் ‘ச’ வரும்போதெல்லாம் பிசிறடிக்குது. ஏன்?

மீட்டர் அளவைச் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. ஒரே நிலையம் நேராகவும், மலை கட்டிடம் மேல் பட்டுத் திரும்பியும், சிறிது நேர இடைவெளியில் இரண்டு தடவை வந்து சேர்ந்தால் இப்படிப் பிசிறும். இதற்கு பலத்தைக் கூட்டும் பூஸ்டர் உதவாது, எதிரொலியையும் சேர்த்தே கூட்டும். ஒரு திசையை மட்டும் பார்க்கும் யாகி ஏரியலை வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். மீட்டர் உச்சத்தில் இருக்கும் திசையும் அதுவும் வேறாக இருக்கலாம், காதை நம்புங்கள்.

டிஜிட்டல் ரேடியோவுக்கு நான் மனதாரப் பாராட்டுச் சொல்லும் இடம் இது. டிஏபியில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் இடையில் ஒரு காப்பு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதற்குள் வரும் எதிரொலி கெடுதல் செய்யாது, பல சமயம் பலமே சேர்க்கும். அதனால்தான் பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் இயங்க முடிகிறது.

அப்படின்னா சிக்னல் குறைவான இடத்துக்கு டிஜிட்டல் ரேடியோதானே நல்லது?

அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எஃப்எம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கரகரத்தாலும் செய்தி புரியும். டிஜிட்டல் ஓர் எல்லை வரை சுத்தமாக இருக்கும். எல்லையில் கொப்பளித்துவிட்டு சட்டென்று நின்றுவிடும். மழை நாளில், பக்கத்தில் யாராவது நடந்து போகும்போது நின்று நின்று வந்தால் அந்த எல்லைக் கோட்டில் இருக்கிறீர்கள் என்று பொருள். எச்டி ரேடியோவில் இந்தத் தொல்லை குறைவு, முதன்மை நிகழ்ச்சி அறுந்தால் அதே நிலையத்தின் அனலாக் ஒலிக்குத் தானாக மாறிக்கொள்ளும்.

ரெண்டு ஸ்டேஷன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வருது. எந்த ட்யூனர் பிரிக்கும்?

முள்ளா எண்ணா என்பது இங்கே பொருட்டில்லை. 10.7இல் இருக்கும் வடிகட்டிதான் பொருட்டு. வைடு, நேரோ என்று இரண்டு நிலை உள்ள ட்யூனரைத் தேடுங்கள். நேரோவில் போட்டால் பக்கத்து நிலையம் விலகும், ஒலியில் கொஞ்சம் தெளிவும் போகும். நிலையங்கள் நெருக்கியடிக்கும் ஊரில் இரண்டாம் வகை சிப் ட்யூனர் சிறிய பெட்டியாக இருந்துகொண்டே பெரிய பெட்டிகளை வெட்கப்பட வைத்துவிடும். கணக்கில் போடும் வடிகட்டியை வேண்டிய அளவு செங்குத்தாக அமைக்கலாம்.

எச்டி ரேடியோ வரும் ஊரில் ஒரு வேடிக்கை. ஓரங்களில் ஒட்டிவரும் டிஜிட்டல் பகுதி, வைடு நிலையில் இருக்கும் பழைய ட்யூனருக்குள் நுழைந்து மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். ‘வாங்கியபோது இல்லை, இப்போது வருகிறது’ என்பவர்கள் முதலில் நேரோவில் போட்டுப் பார்க்கட்டும்.

ஸ்பெசிஃபிகேஷன்ல நிறைய நம்பர் இருக்கு. எதைப் பார்க்கணும்?

மூன்று போதும். ஸ்டீரியோவில் 50 டெசிபெல் அமைதிக்கு எவ்வளவு சிக்னல் வேண்டும் என்பது, சிறியதாக இருந்தால் நல்லது. செலக்டிவிட்டி, அதாவது பக்கத்து நிலையத்தை விலக்கும் திறமை, பெரியது நல்லது. கேப்சர் ரேஷியோ, ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் பலமானதை மட்டும் பிடித்துக்கொள்ளும் திறமை. 1 டெசிபெல் அருகில் இருந்தால் அருமை. மோனோவுக்கான சென்சிட்டிவிட்டியைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை விட்டுவிடுங்கள்.

பழைய முள் ட்யூனர் ஒண்ணு வருது. வாங்கலாமா?

கேட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். தெரிந்த நிலையத்தில் நிறுத்தி, முள் காட்டும் இடமும் உண்மையான எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும். பட்டை முழுக்க ஒரே அளவு விலகியிருந்தால் பெரும்பாலும் முள்தான் நகர்ந்திருக்கும், தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஒரு கோடியில் சரியாகவும் மறுகோடியில் தப்பாகவும் இருந்தால் உள்ளே இருக்கும் சுற்றுகளைச் சரிப்படுத்தும் அலைன்மென்ட் செய்ய வேண்டும், அதற்குக் கருவியும் தெரிந்த கையும் வேண்டும். நடு மீட்டர் நடுவில் நிற்கும்போதே சிக்னல் மீட்டர் உச்சத்தில் இருக்க வேண்டும். ஸ்டீரியோ விளக்கு எரியாவிட்டால் பல்புதான் போனதா, ஸ்டீரியோவே பிரியவில்லையா என்று ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

நூலையும் பாருங்கள். என்னுடையதில் அது ஒரு நாள் அறுந்தது. தையல் நூலைக் கட்டினேன். இரண்டு நாளில் அது நீண்டு, திருகு சுற்றினாலும் முள் அசையாமல் நின்றது. அப்புறம் பின்னிய மீன்பிடி நூல் வாங்கி, எந்தக் கப்பியில் எத்தனை சுற்று என்று படம் போட்டுக்கொண்டு மூன்று மாலை உட்கார்ந்தேன். இந்த மாதிரி வேலை பிடிக்காது என்றால் எண் ட்யூனரே வாங்குங்கள்.

கரண்ட் போனா எண் ட்யூனர்ல சேமிச்சதெல்லாம் அழிஞ்சிடுமா?

பழையவற்றில் நினைவைக் காப்பது ஒரு பெரிய கன்டென்சர் அல்லது சின்ன பேட்டரி. சில நாள் தாங்கும். ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் அழிகிறது என்றால் அந்தப் பாகம் செத்துவிட்டது, மாற்றுவது எளிது.

வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த ட்யூனர் இங்க வேலை செய்யுமா?

முதலில் கரண்ட்: 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பின்பக்கம் பாருங்கள். அடுத்து, எண் ட்யூனருக்கு மட்டும் ஒரு சிக்கல். அமெரிக்காவுக்குச் செய்தவற்றில் பல 200 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவும்: 98.1, 98.3 என்று ஒற்றை எண்களில் மட்டும் நிற்கும். உங்கள் நிலையம் 98.2 என்றால் சரியாக வராது. சிலவற்றில் பின்னால் படியை மாற்றும் சுவிட்ச் உண்டு. முள் ட்யூனருக்குப் படியே கிடையாது, எங்கும் நிற்கும். ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்த பழைய ட்யூனர் 76இலிருந்து 90 வரைதான் போகும், முள்ளானாலும் எண்ணானாலும்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. ஒலிபரப்பும்போது உச்ச ஒலியைத் தூக்கி அனுப்பி, வாங்கும்போது இறக்குவார்கள். அமெரிக்காவில் அந்த அளவு 75 மைக்ரோ விநாடி, உலகின் பெரும்பகுதியில் 50. 75க்குச் செய்த ட்யூனரில் 50ஐக் கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபெல் குறைந்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கும். தற்காலிகமாக ட்ரெபிளை ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே இரண்டு சின்ன கன்டென்சரை மாற்றினால் முழுத் தீர்வு.

எஃப்எம்மையே நிறுத்தப் போறாங்களாமே, இனி வாங்கினா வீண்தானே?

நார்வேயில் 2017இல் தேசிய நிலையங்கள் எஃப்எம்மை விட்டு டிஏபி பிளஸுக்குப் போய்விட்டன. உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல எஃப்எம்மிலேயே தொடர்ந்தன. சுவிட்சர்லாந்தில் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் எஃப்எம்மை நிறுத்தியது. நிறுத்தும் பேச்சே எழாத நாடுகளும் நிறைய. உங்கள் நாட்டில் தேதி அறிவித்திருந்தால் விலை உயர்ந்த எஃப்எம் ட்யூனரில் காசு போடாதீர்கள். அறிவிக்கவில்லை என்றால் பயந்துகொண்டு வாங்காமல் இருக்க வேண்டாம்.

டிஜிட்டல் ரேடியோவில் மணி அடிக்கிறது லேட்டா வருதே?

சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் நேரம் பிடிக்கும், சில விநாடி பிந்தித்தான் வரும். ஒரே வீட்டில் ஓர் அறையில் எஃப்எம்மும் இன்னொன்றில் டிஏபியும் ஓடினால் கூடத்தில் நிற்பவருக்குத் தலைசுற்றும். இரண்டு டிஏபி பெட்டிகளே கூட ஒன்றாக ஓடாமல் போகலாம்.

ரெண்டு ட்யூனரும் வெச்சுக்கிறேன். ஒரே ஏரியல் போதுமா?

முள் ட்யூனரும் எண் ட்யூனரும் என்றால் போதும். ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றரை டெசிபெல் போலக் குறையும். ஏற்கெனவே தொங்கலில் இருக்கும் நிலையம் ஸ்டீரியோவில் இரையத் தொடங்கலாம். காரணம் மேலே ஸ்டீரியோ இரைச்சல் கேள்வியில் இருக்கிறது.

எஃப்எம்மும் டிஏபியும் என்றால் தனித்தனி ஏரியல்தான் நல்லது. டிஏபியின் அலை எஃப்எம் அலையில் பாதி நீளம்தான், கம்பி நேர்க்குத்தாக நிற்க வேண்டும். எஃப்எம் ஏரியலைப் பலர் படுக்கையாக வைத்திருப்பார்கள். கூடத்தில் நேராகத் தொங்கவிட்ட சாதாரண ஒயரில் இரண்டும் ஓரளவு வந்துவிட்டால், மாடிக்கு ஏணி போடும் வேலையை அடுத்த லீவுக்குத் தள்ளி வையுங்கள்.